கைத்துப்பாக்கி பேரலில் துரு: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

லைசென்ஸோடு ரிவால்வரோ பிஸ்டலோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது, அப்பா பெயரில் இருந்தது அவர் காலமாகிவிட்டார், பரணில் ஒன்று கிடைத்தது என்றால் துருவை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

தேர்தல் நேரத்தில் போலீஸில் டெபாசிட் செய்த என் .32 ரிவால்வர் திரும்பி வந்தபோது பேரல் வாய் முழுக்கச் செம்மண் பூசியது போல இருந்தது. எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று சொல்லப்போவதில்லை, சொல்லி ஒன்றும் ஆகப்போவதுமில்லை. ஆனால் அதன் பிறகு நான் கேட்ட யோசனைகள் இருக்கிறதே, புளி போட்டுத் தேய், எலுமிச்சை தேய், தெரிந்த லேத்துக்காரர் இருக்கிறார் ஐந்து நிமிட வேலை என்று ஆளுக்கு ஒன்று. பாதி துப்பாக்கியைக் கெடுக்கும், மீதி உங்களை உள்ளே தள்ளும். அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. முதலில் காகிதம்

டெபாசிட்டிலிருந்து எடுக்கும்போது லைசென்ஸ் அசல், டெபாசிட் ரசீது, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு செட் நகல் கையில் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன்பே துப்பாக்கியை வாங்கி, அதில் பொறித்திருக்கும் எண்ணை லைசென்ஸில் இருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டா எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். துரு இருந்தால் ரசீதில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. எழுத மறுத்தால் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நீங்களே எழுதித் தேதி போடலாம்.

எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-இல் ஆவடி தனி கமிஷனரேட் ஆன பிறகு சில காவல் நிலையங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. உங்கள் நிலையம் எதன் கீழ் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் வேப்பேரியில் இருக்கும் சென்னை கமிஷனர் அலுவலகத்துக்கு ஒரு நடை வீணாகும்.

வீட்டுக்கு வந்ததும் துடைக்கத் தொடங்காதீர்கள். எண், தயாரிப்பு முத்திரை, துரு இருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஏன் என்று நான்காவது படியில் புரியும்.

2. காலி என்று உறுதி செய்வது

தெரிந்த விஷயம்தானே என்று இதைத் தாண்டாதீர்கள். ரிவால்வரைத் திறந்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிஸ்டல் என்றால் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினை வெளியே எடுத்த பிறகுதான், மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வையுங்கள். வேலை நடக்கும் மேஜையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாதுகாப்பு ஒரு காரணம், எண்ணெய் இன்னொன்று. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமருக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம், அது உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் தெரியும்.

3. வாங்க வேண்டியவை

பெரிய செலவே இல்லை. பிரஷ் தவிர மற்றதெல்லாம் பாரிமுனையில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைத்துவிடும், லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளே போதும். எனக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மண்ணெண்ணெய் கால் லிட்டர் இருந்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் கேளுங்கள். தின்னர் வாங்காதீர்கள், அது பிளாஸ்டிக் பிடியையும் மரப்பிடியின் வார்னிஷையும் தின்றுவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு பாட்டில். டபிள்யூடி-40 ஸ்பிரே சின்ன டப்பா ஒன்று. பனியன் வேஸ்ட் அரைக் கிலோ, அதிலேயே வெள்ளையாக இருக்கும் துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், சாயத் துணியில் துரு இறங்குவது தெரியாது. பழைய டூத் பிரஷ். நாலு பூஜ்யம் என்று சொல்லப்படும் மிக மெல்லிய ஸ்டீல் வுல், கடைக்காரர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் கையுறை ஒரு ஜோடி.

பேரலுக்குள் போகும் பிரஷ்தான் கொஞ்சம் அலைய வைக்கும். வெண்கலக் கம்பி பிரஷ், உங்கள் துப்பாக்கியின் குழல் அளவுக்கு ஏற்றது, அதோடு பித்தளை ராடு. ஆயுத டீலரிடம் கேளுங்கள். .32 அளவு இல்லை என்றால் ஏர் ரைஃபிளுக்கு வரும் .22 பிரஷ்ஷை வாங்கி அதன் மேல் துணி சுற்றி இறுக்கமாக்கிப் பயன்படுத்தலாம். இரும்புக் கம்பி பிரஷ் மட்டும் உள்ளே போகவே கூடாது.

4. எதைத் தொடக் கூடாது

இந்தப் பகுதிக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

உப்புத்தாள், எமரி ஷீட், கிரைண்டர், டிரில் மிஷினில் மாட்டும் கம்பிச் சக்கரம் எதுவும் வேண்டாம். துருவோடு சேர்ந்து நல்ல இரும்பும் போகும் என்பது ஒரு பக்கம். சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதைவிட முக்கியம். துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளம் எதையும் அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அழித்தது அவர்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. துரு பிடித்த எண்ணின் மேல் ஆசையாக எமரி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

புளி, எலுமிச்சை, வினிகர், கோலா, பாத்ரூம் ஆசிட், கடையில் விற்கும் துரு நீக்கும் திரவங்கள் எல்லாம் ஒரே ஜாதி. அமிலம் துருவைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் துப்பாக்கியின் கருநீலப் பூச்சு இருக்கிறதே, அதுவும் இரும்பு ஆக்சைடுதான், கறுப்பு வகை. அமிலத்துக்குச் சிவப்புத் துரு, கறுப்புப் பூச்சு என்ற பேதம் கிடையாது. வெளுத்துப்போன பேரல்தான் மிச்சமாகும், அது காசிமேட்டுக் காற்றில் ஒரே ராத்திரியில் மறுபடி சிவக்கும்.

லேத் பட்டறை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கை சுத்தமான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும், 5-ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் பழுது பார்த்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு. கொடுத்த உங்களுக்கும் வம்பு, பாவம் அந்த மனிதருக்கும் வம்பு. உங்கள் துப்பாக்கியை நீங்களே வீட்டில் துடைத்து எண்ணெய் போடுவது பராமரிப்பு. பாகம் மாற்றுவது, பேரலைக் கடைவது, மறுபூச்சுப் போடுவதெல்லாம் லைசென்ஸ் உள்ளவர் வேலை.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் போன்ற சமையலறைச் சரக்கும் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்து, கடைசியில் துப்பாக்கியின் சுத்தியலே (ஹேமர்) ஒட்டிக்கொள்ளும்.

5. நேரம் பார்த்துத் தொடங்குங்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்க வேண்டாம், வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருங்கள். அதிலும் காலை பத்து மணி வாக்கில் தொடங்கினால், மதியம் கடற்காற்று ஏறும் முன் உலர்த்தும் வேலை பாதி முடிந்துவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், மண்ணெண்ணெய் வாடைக்கு எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

ஏசி அறையில் இருந்த துப்பாக்கியைச் சட்டென்று வெளியே கொண்டுவந்தால் அதன் மேல் வியர்த்துவிடும். துணியில் சுற்றியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்து, சூடு சமமான பிறகு பிரியுங்கள்.

கையுறையை மறக்காதீர்கள். நம் ஊர் வியர்வையில் இருக்கும் உப்புக்கு, துடைத்து வைத்த இரும்பில் மறுநாளே கைரேகை வடிவத்தில் துரு வரும்.

6. வெளிப்புறம்

துரு இருக்கும் இடத்தில் தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாகப் போட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மேலாகப் படிந்த துரு இதிலேயே பாதி வந்துவிடும்.

வராத இடத்துக்குச் செம்பு. இரும்பைவிடச் செம்பு மென்மை, துருவைச் சுரண்டும், அடியில் இருக்கும் இரும்பைக் கீறாது. வீட்டில் பழைய செம்புக் காலணா இருந்தால் அதன் விளிம்பு இதற்கென்றே செய்தது போல இருக்கும். இல்லை என்றால் தடிமனான செம்பு ஒயரைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக்கொள்ளலாம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு வேண்டாம், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கோடு போட்டுவிடும். எண்ணெய் நனைந்தபடியே இருக்க, காசைப் படுக்கையாகச் சாய்த்து, ஒரே திசையில் மெல்ல இழுங்கள். எண்ணெய் முதலில் காவி நிறமாகும், பிறகு காபிக் கசடு மாதிரி துகள் திரளும். அதைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டுத் தொடருங்கள்.

ஸ்டீல் வுல் கடைசி ஆயுதம். எண்ணெயில் முக்கி, இரண்டு விரலால் லேசாக. அழுத்தினால் பூச்சு போகும். எண் பொறித்த இடத்தில் ஸ்டீல் வுல்லும் வேண்டாம், காசும் வேண்டாம், எண்ணெயும் டூத் பிரஷ்ஷும் மட்டும்தான். அங்கே கொஞ்சம் துரு மிச்சமிருந்தாலும் சரி, எழுத்து தெளிவாக இருப்பதுதான் முக்கியம்.

7. பேரலின் உள்ளே

எந்தப் பக்கத்திலிருந்து ராடை விடுவது என்பது துப்பாக்கியைப் பொறுத்தது. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் நடுவில் முறித்துத் திறக்கும் வகை. திறந்து, ஒரு அறையைப் பேரலுக்கு நேராக வைத்தால் பின்பக்கத்திலிருந்தே ராடு உள்ளே போகும். சிலிண்டர் பக்கவாட்டில் சாயும் வகை என்றால் வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும், அப்போது ராடு பேரல் வாயின் விளிம்பில் உரசாமல் விரலால் தாங்கிப் பிடியுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு, அது தேய்ந்தால் குறி தப்பும். பிஸ்டலில் பேரலைத் தனியாகக் கழற்றி எடுத்துப் பின்பக்கத்திலிருந்து செய்யலாம்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணித்துண்டை முதலில் விடுங்கள். கறுப்பாக வரும், அது பழைய புகைக்கரி. மறுபடி நனைத்து உள்ளே ஈரமாக விட்டுவிட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள், துப்பாக்கியைப் பேரல் வாய் கீழே பார்க்கும்படி, அடியில் பழைய துணி வைத்து, பூட்டிய அலமாரிக்குள். மேஜை மேல் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மறுநாள் வெண்கல பிரஷ். எண்ணெயில் நனைத்து, ஒரு முனையில் நுழைத்து மறு முனையில் முழுதாக வெளியே வரும்வரை தள்ளுங்கள், பிறகு இழுங்கள். நடுவில் திசை மாற்றினால் கம்பிகள் மடங்கி சிக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களோடு பிரஷ்ஷும் சேர்ந்து சுழல வேண்டும், ராடின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஏழெட்டு முறை போய் வந்ததும் வெள்ளைத் துணி ஒன்று. இப்போது கறுப்புக்குப் பதில் செங்காவி நிறம் வரும். அதுதான் துரு. மறுபடி எண்ணெய், பிரஷ், துணி. காவி மங்கிச் சாம்பல் நிறமாகி, பிறகு எண்ணெய்க் கறை மட்டும் தெரியும்வரை. அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் ஆட்கள் எமரியைத் தேடுவார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இன்னொரு ராத்திரி ஊறட்டும்.

சிலிண்டர் அறைகள், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு, தோட்டாவைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கம், இந்த மூன்றையும் பலர் மறந்துவிடுவார்கள். நட்சத்திரத்தின் அடியில் ஒரு சின்னத் துகள் இருந்தாலும் சிலிண்டர் சரியாக மூடாது.

பழைய ராணுவத் தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் ஒரு சின்ன மாற்றம். அவற்றின் பிரைமர் உப்பை விட்டுச் செல்லும், அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீரில் நனைத்த துணியை முதலில் ஓட்டி, நன்றாக உலர்த்திய பிறகு எண்ணெய்க்கு வாருங்கள். 2023 டிசம்பர் மாதிரி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து துப்பாக்கி நனைந்தாலும் இதே கதைதான்: முதலில் நல்ல தண்ணீரில் சேற்றையும் உப்பையும் கழுவி, துடைத்து, டபிள்யூடி-40 அடித்து இடுக்குகளில் இருக்கும் ஈரத்தை விரட்டுங்கள். சேற்றின் மேலேயே எண்ணெய் போடுவது வீண்.

8. எங்கே நிறுத்துவது

சிலிண்டரைத் திறந்து வைத்து, பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதம் பிடித்து அதன் மேல் செல்போன் டார்ச் அடித்துப் பேரலுக்குள் பாருங்கள். சுருள் கோடுகள் தொடர்ச்சியாகப் பளபளப்பாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. கறுத்த புள்ளிகள் அங்கங்கே இருந்து, துணி மட்டும் சுத்தமாக வருகிறது என்றால் அவை குழிகள். துரு தின்ற இடம், அது திரும்ப வளராது. இதற்கு மேல் தேய்ப்பதில் பயனில்லை.

குழிகள் கண்ணுக்குப் பட்டென்று தெரிகிற அளவில் இருந்தாலோ, பேரலில் எங்காவது வீக்கம், மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, துணியோ பிரஷ்ஷோ உள்ளே மாட்டிக்கொண்டாலோ, சுட வேண்டாம். அடைப்பு இருக்கும் பேரலில் சுட்டால் பேரல் வெடிக்கலாம். லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொண்டுபோங்கள். லைசென்ஸ் அசலைக் கையில் வைத்திருங்கள், நகலைக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தத் தேதிக்குத் திரும்பக் கிடைக்கும் எல்லாம் எழுதி வாங்குங்கள். மறுபூச்சுக்குக் கொடுத்தால் எண்ணின் மேல் பாலிஷ் சக்கரம் போகக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், அதையும் எழுதச் சொல்லுங்கள். போகும்போது துப்பாக்கி காலியாக உறையில், தோட்டா வீட்டில். சொந்த வண்டியோ ஆட்டோவோ சரி, மெட்ரோ வேண்டாம், ஸ்கேனர் முன்னால் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும்போது கிளம்பவே கிளம்பாதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று மொட்டை மாடியில் ஒன்று சுட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அடுத்தவர் பாதுகாப்பைப் பாராமல் சுட்டால், கொண்டாட்டத்துக்குச் சுட்டாலும்தான், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

9. மறுபடி வராமல் இருக்க

வேலை முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. டபிள்யூடி-40 மட்டும் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது ஈரத்தை விரட்டும், அதிக நாள் காக்காது. அதற்கு மேல் தையல் மிஷின் எண்ணெய் வேண்டும். சுடப்போகும் முன் பேரலில் ஒரு உலர்ந்த துணி விட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். காவி தெரிந்தால் ஏழாவது படிக்குத் திரும்புங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உறை வெளியே எடுத்துப் போகும்போது மட்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள், என் வீட்டிலும் வைப்போம், அன்று மாலையே எடுத்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்து உதிரும்போது அதன் அடியில் வட்டமாகத் துரு இருக்கும், பூஜை முடிந்த கையோடு அடைமழை வேறு வந்துவிடும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கி, கூட ஒரு துணிப்பையில் நூறு கிராம் சிலிக்கா ஜெல், அந்த டப்பா பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில். தோட்டா தனி டப்பா, தனிப் பூட்டு. நிறம் மாறும் ஜெல்லாக வாங்குங்கள், நீலம் இளஞ்சிவப்பானாலோ ஆரஞ்சு பச்சையானாலோ ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். நல்ல வெயிலில் தகரத் தட்டில் பரப்பினால் கொஞ்சம் மீளும், முழுதாக மீள அடுப்புச் சூடு வேண்டும். நீல வகையில் கோபால்ட் இருப்பதால் சமைக்கும் வாணலியில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்கி வையுங்கள்.